சுவர் மட்டும் போதாது

2009 ஆம் ஆண்டு உலகக் கனிஷ்ட மகளிர் ஸ்குவாஷ் சம்பியன்ஷிப் போட்டி நமக்கு அருகிலுள்ள சென்னை நகரில் நடைபெற்றது. பல நாடுகளின் இளம் வீராங்கனைகள் அங்கு கூடினர். அவர்களுள் இரு முஸ்லிம் பெண்பிள்ளைகளின் கதையை எடுத்துக்கொண்டால், வெளிநாட்டுப் பயிற்சி என்றால் என்ன, அது யாருக்கு ஏன் தேவைப்படுகிறது என்பது நன்கு விளங்கும்.

ஒருவர் எகிப்தின் அலெக்ஸாந்திரியா நகரைச் சேர்ந்த நூர் அல் ஷெர்பினி. அப்போது அவருக்கு வயது 13 மட்டுமே. அந்தப் போட்டியில் அவர் சம்பியனானார். மற்றவர் பாகிஸ்தானின் வஸீரிஸ்தான் பகுதியைச் சேர்ந்த மரியா தூர்பகாய் வஸீர். அவருக்கு வயது 18. அவர் அரையிறுதி வரை முன்னேறி மூன்றாம் இடத்தைப் பெற்றார்.

போட்டி முடிந்து நூர் தன் ஊருக்குத் திரும்பினார். அங்கே அவருக்கு ஆடுகளம் இருந்தது, பயிற்றுநர் இருந்தார், நாள்தோறும் எதிர்த்து ஆடுவதற்குத் தன்னை விடத் திறமையானவர்கள் இருந்தனர். மரியாவும் தன் ஊருக்குத் திரும்பினார். அங்கே அவருக்கு இருந்தது பெரும்பாலும் தன் அறையின் சுவர் ஒன்றுதான். இரண்டு ஆண்டுகள் கழித்து மரியா தாய்நாட்டை விட்டுக் கனடாவுக்குப் புறப்பட்டார். நூர் எங்கும் இடம்பெயர வேண்டியிருக்கவில்லை. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நான்கு சுவர்களுக்குள் ஒரு விளையாட்டு

நமது பாடசாலைகளில் வலைப்பந்தும் பூப்பந்தும் தெரிந்த அளவுக்கு ஸ்குவாஷ் தெரியாது. எனவே முதலில் அதனைச் சுருக்கமாக விளக்குவது நல்லது.

ஸ்குவாஷ் ஆடுகளம் ஒரு மூடிய அறை போன்றது. நீளம் 9.75 மீற்றர், அகலம் 6.4 மீற்றர். நடுவில் வலை கிடையாது. இரு வீரர்களும் ஒரே பக்கத்தில், ஒரே தளத்தில் நின்று, முன்சுவரை நோக்கி மாறி மாறிப் பந்தை அடிக்க வேண்டும். பந்து தரையில் இரண்டாவது முறை படுவதற்குள் எதிராளி அதை அடித்துத் திருப்ப வேண்டும். பக்கச் சுவர்களையும் பின்சுவரையும்கூடப் பயன்படுத்தலாம். ஒரு சுற்றுக்கு 11 புள்ளிகள். ஐந்து சுற்றுகளில் மூன்றை வெல்பவர் வெற்றி பெறுவார்.

பந்து ஏறத்தாழ 24 கிராம் எடையுள்ள சிறிய இறப்பர் பந்து. பெட்டியிலிருந்து எடுத்தவுடன் அது சரியாகத் துள்ளாது. மீண்டும் மீண்டும் அடித்துச் சூடேற்றிய பின்னரே ஆடத்தக்கதாகும்.

ஆடுகளத்தின் தரையில் உள்ள கோடுகள் ஆங்கில 'டீ' எழுத்தின் வடிவில் சந்திக்கின்றன. அந்த இடமே ஆட்டத்தின் மையம். அங்கிருந்து நான்கு மூலைகளுக்கும் ஓரிரு எட்டுகளில் போய்விடலாம். ஒவ்வோர் அடிக்குப் பின்னும் வீரர் அந்த மையத்துக்குத் திரும்புவார். எதிராளியை அங்கிருந்து விலக்கி மூலைக்கு ஓடவைப்பதே ஆட்டத்தின் தந்திரம்.

இந்த விளையாட்டைத் தனியாகவும் பயிலலாம் என்று தோன்றும். ஒரு பகுதி உண்மைதான். ஒருவர் தனியாகச் சுவரில் பந்தை அடித்துக் கையைப் பழக்கலாம். பந்தே இல்லாமல், மையத்திலிருந்து மூலைகளுக்கு ஓடித் திரும்பும் பயிற்சியையும் செய்யலாம். ஆனால் சுவர் ஒருபோதும் ஏமாற்றாது. எந்தக் கோணத்தில் அடித்தோமோ அந்தக் கோணத்துக்கு ஏற்பவே பந்து திரும்பி வரும். மனித எதிராளி அப்படியல்ல. அவர் நீளமாக அடிப்பது போலக் கையை ஓங்கி, கடைசி நொடியில் மெதுவாகத் தட்டிவிடுவார். அவருடைய தோளையும் மணிக்கட்டையும் பார்த்து, பந்து புறப்படும் முன்பே அது போகும் திசையைக் கணிக்க வேண்டும். இந்தக் கணிப்பை எதிராளி ஒருவரோடு ஆடித்தான் கற்க முடியும். அந்த எதிராளியும் நம்மை விடக் கொஞ்சம் வல்லவராக இருக்க வேண்டும்.

ஆகவே, ஓர் இளம் வீராங்கனை எவ்வளவு தூரம் முன்னேறுவார் என்பதை அவருடைய திறமை மட்டும் தீர்மானிப்பதில்லை. அவரைச் சுற்றி யார் ஆடுகிறார்கள் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. வெளிநாட்டுக்குப் பயிற்சிக்குச் செல்வதன் அடிப்படைக் காரணமும் இதுவே.

பெஷாவரின் புகழ்

இங்கே ஒரு கேள்வி எழும். ஸ்குவாஷ் உலகில் பாகிஸ்தானுக்கு இல்லாத பெயரா? அந்த நாட்டுப் பெண் ஏன் கனடாவுக்குச் செல்ல வேண்டும்?

உண்மையில் பெஷாவர் நகரமும் அதனை அடுத்துள்ள நவாகிலி என்ற கிராமமும் ஸ்குவாஷ் வரலாற்றில் தனியிடம் பெற்றவை. அந்தக் கிராமத்தின் ஹாஷிம் கான் 1951 ஆம் ஆண்டில் பிரித்தானிய ஓபன் பட்டத்தை வென்று, பின்னர் மொத்தம் ஏழு முறை அதனைத் தனதாக்கினார். அவரைத் தொடர்ந்து அதே ஊரின் உறவுமுறைக் குடும்பங்களிலிருந்து பல வீரர்கள் வந்தனர். ஜஹாங்கீர் கான் 1980 களில் பிரித்தானிய ஓபன் பட்டத்தைத் தொடர்ந்து பத்து முறை வென்று 1991 இல் அந்தத் தொடரை நிறைவு செய்தார். ஜான்ஷேர் கான் உலக ஓபன் பட்டத்தை எட்டு முறை வென்றார்.

ஒரு சிறு பிரதேசத்திலிருந்து இத்தனை சம்பியன்கள் எப்படித் தோன்றினர்? தந்தை மகனுக்கும், மாமன் மருமகனுக்கும், அண்ணன் தம்பிக்கும் கற்றுக்கொடுத்தனர். நல்ல எதிராளி எப்போதும் வீட்டுக்குள்ளேயே இருந்தார். ஆனால் அந்தச் சங்கிலி முழுவதும் ஆண்களால் ஆனது. அதில் பெண்பிள்ளைகளுக்கு இடம் இருக்கவில்லை. உலகின் மிகச் சிறந்த ஸ்குவாஷ் மரபு ஒன்றின் வாசலிலேயே வளர்ந்தும், மரியாவுக்கு அந்த வாசல் முழுமையாகத் திறக்கவில்லை.

சிறுவனாக வளர்ந்த சிறுமி

மரியா 1990 ஆம் ஆண்டு பிறந்தவர். சிறு வயதிலேயே பெண்பிள்ளைகளின் ஆடைகளை அவர் வெறுத்தார். வெளியே ஓடி விளையாட அவை தடை என்று நினைத்து, தன் சட்டைகளை எரித்துவிட்டுத் தலைமுடியை வெட்டிக்கொண்டு சகோதரனின் உடையை அணிந்து நின்றார். அதைக் கண்ட தந்தை ஷம்ஸுல் கையூம் வஸீர் அடிக்கவில்லை, ஏசவுமில்லை. சிரித்துக்கொண்டே செங்கிஸ் கான் என்று பெயரிட்டார். அந்தப் பெயரோடு ஒரு சிறுவனைப் போலவே மரியா வளர்ந்தார். பெண்களும் கல்வி கற்க வேண்டும் என்பதில் அவருடைய பெற்றோர் உறுதியாக இருந்தவர்கள். மனைவி படிப்பதற்குத் துணை நின்றவர் தந்தை. தாய் பெண்பிள்ளைகளின் கல்விக்காக உழைத்தவர்.

குடும்பம் பெஷாவருக்கு வந்த பின்னர், மகளின் துடுக்குத்தனத்தை நல்வழிப்படுத்த எண்ணிய தந்தை அவரைப் பளுதூக்கலில் சேர்த்தார். சிறுவன் என்ற பெயரிலேயே அவர் போட்டிகளிலும் பங்குபற்றினார். பின்னர் ஸ்குவாஷ் ஆட்டத்தைப் பார்த்து அதில் விருப்பம் கொண்டார். ஆனால் ஸ்குவாஷ் பயிற்சிக் கூடத்தில் சேரப் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அங்கேதான் உண்மை வெளியானது. பொறுப்பாளர் அவரை விரட்டாமல் வரவேற்று ஒரு ராக்கெட்டைக் கொடுத்தார் என்று மரியா பின்னாளில் நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

இவர் பெண் என்பது தெரிந்ததும் கூடத்தில் இருந்த மற்றப் பையன்களின் போக்கு மாறியது. கேலியும் வசைச்சொற்களும் தொடர்ந்தன. சேர்ந்து ஆட ஆள் இல்லாதபோது மரியா தனியாக ஆடுகளத்தில் மணிக்கணக்காகப் பயிற்சி செய்தார். 2006 ஆம் ஆண்டு தொழில்முறை வீராங்கனையானார். 2007 இல் பாகிஸ்தான் ஜனாதிபதியின் கையால் விருது பெற்றார்.

புகழோடு ஆபத்தும் வந்தது. பெண்கள் பொதுவில் விளையாடுவதை எதிர்த்த தலிபான்களிடமிருந்து அவருடைய தந்தைக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. மரியாவின் பாதுகாப்புக்காக ஆடுகளத்தைச் சுற்றி ஆயுதம் ஏந்தியவர்கள் நிறுத்தப்பட்டனர். தன்னால் மற்றப் பிள்ளைகளுக்கும் ஆபத்து நேரலாம் என்று அஞ்சிய அவர், கூடத்துக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். மூன்று ஆண்டுகளுக்கு மேல் அவருடைய பயிற்சி பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே நடந்தது. அறைச் சுவரில் பந்தை அடிப்பார். மீதி நேரத்தில் உலகெங்கும் உள்ள ஸ்குவாஷ் கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் மின்னஞ்சல் எழுதுவார். ஆயிரக்கணக்கில் எழுதியதாக அவரே கூறுகிறார். சென்னையில் மூன்றாம் இடம் பெற்றதும் இந்த அச்சமான காலத்தில்தான் என்பதை நினைக்கும்போது, அந்த வெண்கலத்தின் எடை நமக்குப் புரியும்.

அந்தக் கடிதங்களில் ஒன்றுக்குப் பதில் எழுதியவர் கனடாவின் ஜோனதன் பவர். 1998 இல் உலக ஓபன் பட்டத்தை வென்று, 1999 இல் உலகின் முதல்நிலை வீரரானவர் அவர். ஓய்வுக்குப் பின் டொரண்டோ நகரில் ஸ்குவாஷ் பயிற்சிக் கூடம் நடத்திவந்தார். 2011 ஆம் ஆண்டு மரியா டொரண்டோ போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 20.

அங்கே கிடைத்தவையும் கிடைக்காதவையும்

வெளிநாட்டில் பயிற்சி என்றதும் நம்மில் பலருக்குப் பளபளப்பான கட்டடங்களும் விலையுயர்ந்த கருவிகளும் மனதில் தோன்றும். மரியாவுக்கு டொரண்டோவில் கிடைத்தவற்றுள் முதன்மையானவை மிக எளியவை. அச்சமின்றிக் கதவைத் திறந்து ஆடுகளத்துக்குப் போகும் உரிமை கிடைத்தது. தவறைக் கண்டு உடனே திருத்தும் பயிற்றுநர் கிடைத்தார். பல்வேறு பாணிகளில் ஆடும் எதிராளிகள் கிடைத்தனர். சர்வதேசப் போட்டிகளுக்குப் போய்வரும் வசதியும் கிடைத்தது.

பலனும் விரைவில் தெரிந்தது. 2012 டிசம்பரில் அவர் உலகத் தரவரிசையில் 41 ஆம் இடத்தை எட்டினார். அதுவே அவருடைய மிக உயர்ந்த இடம்.

அதே வேளை மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மரியா உலகச் சம்பியனாகவில்லை. பதினாறு வயது முதல் இருபது வயது வரையான காலமே ஒரு வீராங்கனையின் உடலும் கண்ணும் கணிப்பும் ஒன்றுசேர்ந்து வளரும் காலம். அந்தக் காலத்தின் பெரும் பகுதியை அவர் சுவரோடு கழித்தார். எவ்வளவு சிறந்த பயிற்றுநராலும் போன ஆண்டுகளைத் திருப்பித் தர முடியாது. குடும்பத்தைப் பிரிந்திருந்த துயரம் வேறு. வெளிநாட்டுப் பயிற்சி தாமதமாகக் கிடைத்தால் அது மருந்தாகலாமே தவிர, இளமையில் கிடைத்திருக்க வேண்டிய ஊட்டமாகாது.

எகிப்து செய்தது என்ன?

இப்போது நூர் அல் ஷெர்பினியிடம் திரும்புவோம். சென்னையில் வென்ற அந்தச் சிறுமி 2016 ஆம் ஆண்டு கோலாலம்பூரில் முதன்முறையாக உலகப் பட்டத்தை வென்றார். முதல் இரு சுற்றுகளையும் இழந்த பின்னர் எழுந்து வந்த வெற்றி அது. அப்போது அவருக்கு வயது 20. அதாவது, மரியா டொரண்டோவில் முறையான பயிற்சியைத் தொடங்கிய அதே வயதில் நூர் உலகச் சம்பியனாகிவிட்டார். அதன் பிறகும் பலமுறை அந்தப் பட்டத்தை வென்றிருக்கிறார்.

எகிப்து இந்த நிலைக்கு ஒரே நாளில் வரவில்லை. 1996 ஆம் ஆண்டு கீஸா பிரமிட்டுகளின் அருகே கண்ணாடியால் ஆன ஆடுகளம் அமைத்துச் சர்வதேசப் போட்டி நடத்தினார்கள். அதில் எகிப்தின் இளைஞர் அஹ்மத் பராதா இறுதிப் போட்டி வரை வந்தார். அதைக் கண்ட தலைமுறைச் சிறுவர் சிறுமியர் ராக்கெட்டைக் கையிலெடுத்தனர். கெய்ரோவிலும் அலெக்ஸாந்திரியாவிலும் உள்ள விளையாட்டுக் கழகங்களில் குடும்பம் குடும்பமாக வந்து விளையாடும் வழக்கம் உண்டு. பெரியவர்கள் ஆடும் அதே கழகத்தில் சிறுமிகளும் ஆடுகிறார்கள். இன்றைய சம்பியன் பயிற்சி செய்வதை நாளைய சம்பியன் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறாள்.

பெஷாவரில் ஆண்களுக்கு மட்டும் அமைந்திருந்த அந்தச் சங்கிலியை எகிப்து தன் பெண்பிள்ளைகளுக்கும் நீட்டியது. 2015 ஆம் ஆண்டு ரனீம் அல் வலீலி உலகின் முதல்நிலை வீராங்கனையானார். அதன் பின் மகளிர் ஸ்குவாஷின் முன்னணி இடங்கள் பலவற்றை எகிப்தியப் பெண்களே பிடித்து வருகின்றனர். மரியாவின் ஊரும் நூரின் ஊரும் முஸ்லிம்கள் வாழும் ஊர்களே. எனவே, பெண்பிள்ளையின் முன்னேற்றத்தைத் தடுப்பது மார்க்கம்தான் என்று சிலர் அவசரப்பட்டுச் சொல்வது பொருந்தாது. நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் போட்டியில் ஈடுபட்டதை நாம் அறிவோம்.

இன்னும் இரண்டு வழிகள்

வெளிநாட்டுக்குச் செல்பவர்கள் எல்லோரும் மரியாவைப் போலத் துரத்தப்பட்டுச் செல்வதில்லை. மலேசியாவின் நிக்கோல் டேவிட் பினாங்கில் பிறந்தவர். அவருடைய தந்தை இந்திய வம்சாவளியினர். நிக்கோல் தன் நாட்டிலேயே பயின்று, 1999 இலும் 2001 இலும் உலகக் கனிஷ்ட சம்பியனானார். அதன் பின்னரே, இருபது வயதை ஒட்டிய காலத்தில், அவுஸ்திரேலியாவின் முன்னாள் வீராங்கனை லிஸ் ஏர்விங்கிடம் பயிற்சி பெற நெதர்லாந்தின் அம்ஸ்டர்டாம் நகருக்குச் சென்றார். பின்னர் உலகப் பட்டத்தை எட்டு முறை வென்றார். 2006 முதல் 2015 வரை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் இடைவிடாமல் முதல்நிலையில் இருந்தார். வேரை வீட்டில் ஊன்றிவிட்டு, கிளையை வெளிநாட்டில் பரப்பியவர் அவர்.

மற்றொரு வழி கல்வியோடு சேர்ந்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் ஸ்குவாஷ் அணிகள் உள்ளன. எகிப்தின் அலி ஃபராக் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்றபடியே அணிக்கு ஆடி, 2014 இல் பட்டம் பெற்று, 2019 இல் உலகின் முதல்நிலை வீரரானார். விளையாடினால் படிப்புக் கெட்டுவிடும் என்று அஞ்சும் நம் பெற்றோர் இவரையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பெற்றோரிடம் சில வார்த்தைகள்

மகளொருத்தி தூர தேசம் போய்ப் பயில விரும்பும்போது பெற்றோர் தயங்குவது இயல்பு. அந்தத் தயக்கத்தைக் குறை சொல்ல முடியாது. யாரோடு தங்குவாள், யார் பொறுப்பு, என்ன உடுத்துவாள், தொழுகைக்கும் உணவுக்கும் என்ன வழி, படிப்பு என்னாகும் என்பவை எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகளே. இவற்றோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக் கேட்டால் நல்லது. அங்கே அவளுக்குப் பயிற்சி தரப்போகிறவர் இதுவரை யாரை உருவாக்கியிருக்கிறார்? நாள்தோறும் அவள் யாரோடு ஆடுவாள்? இவ்விரண்டுக்கும் நல்ல பதில் இல்லையென்றால் வெளிநாடு என்ற பெயர் மட்டும் பயன் தராது. நல்ல பதில் இருந்தால், மற்றக் கேள்விகளுக்கு வழி தேடுவது நம் கடமையாகிறது.

ஆனால் நம்மில் பெரும்பாலானோருக்கு வெளிநாடு என்ற கேள்வி வரும் முன்பே எல்லாம் முடிந்துவிடுகிறது. ஆறாம், ஏழாம் வகுப்புகளில் மைதானம் நிறைய ஓடும் மாணவியர், வகுப்பு ஏற ஏற ஒவ்வொருவராக ஒதுங்குவதை நாம் பாடசாலையிலேயே காண்கிறோம். சாதாரண தரப் பரீட்சை, தனியார் வகுப்பு, "வளர்ந்த பிள்ளைக்கு என்ன விளையாட்டு?" என்ற பேச்சு எனக் காரணங்கள் பல. ஒருத்தி ஒதுங்கினால் அவள் மட்டும் இழப்பதில்லை. அவளோடு ஆடிப் பழகியிருக்க வேண்டிய இன்னொருத்திக்கும் எதிராளி இல்லாமல் போகிறது. அணியே கலைகிறது. எஞ்சியிருப்பவளுக்குச் சுவர் மட்டும் மிஞ்சுகிறது.

மரியாவின் தந்தை செல்வந்தர் அல்லர். மகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் வசதி தொடக்கத்தில் அவரிடம் இருக்கவில்லை. அவர் செய்தது, மகளின் கையைப் பிடித்து முதல் நாள் பயிற்சிக் கூடத்துக்கு அழைத்துச் சென்றது. மிரட்டல் கடிதம் வந்த பின்னும் மகளை விளையாடாதே என்று சொல்லாதிருந்தது. நமது பெற்றோரை எந்தத் தலிபானும் மிரட்டவில்லை. வாரத்தில் இரண்டு மாலைகள், ஒரு பெண் பயிற்றுநர், பாதுகாப்பான உள்ளரங்கம், கூட வந்து காத்திருக்கும் தாய் அல்லது சாச்சி, அவ்வளவுதான் தொடக்கத்துக்குத் தேவை. பழைய மாணவியர் சங்கமும் பெற்றோரும் மனம் வைத்தால் இவை எட்டாத காரியங்களல்ல. பாடசாலையை விட்டுச் சென்ற அக்காமார் மாதத்தில் ஒரு நாள் திரும்பி வந்து தங்கைமாரோடு ஆடினாலே, பெஷாவரிலும் அலெக்ஸாந்திரியாவிலும் நடந்தது இங்கும் சிறிய அளவில் தொடங்கிவிடும்.

2028 ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டுள்ளது. அந்தக் களத்தில் ஆடப்போகும் பெண்களைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது, அவர்களுள் ஒவ்வொருவருக்கும் சிறு வயதில் எதிரே நின்று ஆடிய யாரோ ஒருத்தி இருந்தாள் என்பதையும் நினைத்துக்கொள்வோம். நம் பிள்ளைகளுக்கும் அப்படி ஒருத்தி கிடைக்க அல்லாஹ் அருள்புரிவானாக.